புனேவில் வீடு தேடல்

நவம்பர் 7, 2025, வெள்ளி

நாகர்கோவில் - மும்பை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியாயிற்று. டிசம்பரில் வேலையில் சேர வேண்டும். அலுவலகம் ஹிஞ்ஜவாடி ஐ.டி. பார்க்கின் மூன்றாம் பேஸில், அதாவது மூன்றாம் கட்டப் பகுதியில். அப்பா துணைக்கு வந்திருக்கிறார். மதுரையில் மாடிவீட்டை வருஷக்கணக்காக வாடகைக்கு விட்டவர், அதனால் வீடு பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைப்பு. இந்தியில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் ‘பானி’, தண்ணீர். அது போதுமாம்.

நவம்பர் 8, சனி

இன்று முழுக்க வாகட் பகுதியில். ஐ.டி.காரர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள் என்றார் புரோக்கர். ஒரு மாத வாடகை அவருக்குக் கமிஷன். வீட்டுக்காரர்கள் கேட்பது இரண்டு, மூன்று மாத அட்வான்ஸ்தான். பெங்களூரில் பத்து மாதம் கொடுத்த தோழி கேட்டால் வயிறெரிவாள்.

“கல்யாணம் ஆகிவிட்டதா? வெஜ்தானே?” இரண்டையும் எல்லா இடத்திலும் கேட்டார்கள். முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதற்கும் இல்லை. பாதி வீடுகள் அங்கேயே கழிந்தன. தனியாக இருக்கும் பெண்ணும் இங்கே ‘பேச்சுலர்’தான்.

மிச்சமிருந்ததில் ஒன்று பிடித்தது. நாலாவது மாடி, ஒரு படுக்கையறை, 21,000. சமையலறையை ஒட்டிக் கைக்குட்டை அகலத்தில் ஓர் இடம். ‘டிரை பால்கனி’ என்கிறார்கள். வாஷிங் மெஷின், துணிக்கொடி, துடைப்பம் எல்லாம் அதற்குள். அப்பா அங்கிருந்த குழாயைத் திறந்து, கையில் பிடித்து, ஒரு வாய் குடித்தும் பார்த்துவிட்டார். “பானி அச்சா” என்றார் புரோக்கரிடம். இரண்டாவது சொல்லையும் கற்றுக்கொண்டாயிற்று.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்றாம் பேஸை ஒட்டிய மாண் கிராமம். வயல், பக்கத்திலேயே இருபது மாடி, மறுபடி வயல். அங்கே ஒரு வீடு, 17,000. அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். ஆனால் ஹிஞ்ஜவாடியும் மாணும் இன்னும் கிராமப் பஞ்சாயத்துதான், மாநகராட்சிக்குள் வரவில்லை. இந்த அபார்ட்மெண்டுக்குத் தண்ணீர் டேங்கர் லாரியில் வருகிறது. அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

நவம்பர் 10, திங்கள்

வாகட்தான் என்று அப்பா ஒரே பிடிவாதம். சரி, வேலைநாள் காலையில் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒன்பது மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து ஆட்டோ பிடித்தோம். பூம்கர் சவுக் என்ற சந்திப்பிலேயே அரைமணி போயிற்று. ஹிஞ்ஜவாடி - சிவாஜிநகர் மெட்ரோவின் தூண்கள் தலைக்கு மேலே நிற்கின்றன, ரயில் இன்னும் ஓடவில்லை. அலுவலக வாசலைத் தொடும்போது மணி 10.20. அப்பா வழி முழுக்க வாயே திறக்கவில்லை.

திரும்பி வந்து வாகட் வாட்ச்மேனிடம் பேசியதில் இன்னொன்றும் தெரிந்தது. வாகட் அடங்கிய பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சி 2019 நவம்பரிலிருந்தே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் விடுகிறது. பற்றாததற்கு இங்கேயும் டேங்கர்தான். அப்பா குடித்துப் பார்த்தது எந்தத் தண்ணீரோ!

நவம்பர் 11, செவ்வாய்

மாண் வீட்டுக்கே டோக்கன் கொடுத்துவிட்டேன். டேங்கர் செலவு மெயின்டனன்ஸில் அடக்கம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொன்னார் அப்பா. வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார், பிறகு சம்மதித்தார்.

இங்கே வாடகை ஒப்பந்தத்தை ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்று 11 மாதத்துக்குத்தான் எழுதுகிறார்கள். மகாராஷ்டிராவின் 1999 வாடகைச் சட்டப்படி அதையும் பதிவு செய்தே ஆக வேண்டும். நம் ஊரில் 11 மாதம் போடுவதே பதிவுக்குப் போகாமல் இருக்கத்தானே! பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், ஏஜெண்டே கைரேகை இயந்திரத்தோடு வீட்டுக்கு வருவாராம். நாளைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம். பூம்கர் சவுக் வழியாக வருகிறவர் என்றால் பன்னிரண்டு.