1,117 ஆட்டங்கள்

2024 நவம்பர் 16, சனி. ஸ்காபரோ, ரொறன்ரோ

ஐஸ் ஹொக்கி அரீனாவிலிருந்து வந்ததிலிருந்து சின்னவன் வாய் திறக்கவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இரவு பத்து மணிக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. பயிற்சியாளர் அவனை முன்வரிசையிலிருந்து எடுத்துப் பின்வரிசைக்கு, டிஃபென்ஸில், போட்டுவிட்டாராம். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“பின்னுக்கு நிண்டா ஆரப்பா பாக்கிறது?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் பார்த்து வளர்ந்தவன் நான். ஐஸ் ஹொக்கியை இவனால்தான் அறிந்தேன். ஆறு வயதில் இவனுக்கு ஸ்கேட் லேஸ் இறுக்கிக் கட்டத் தொடங்கினேன், எட்டு வருஷமாகிறது. பயிற்சியாளர் மேல் எனக்கும் கோபம்தான். ஒரு பிள்ளையின் இடத்தை மாற்றும்போது பக்கத்தில் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

2024 டிசம்பர் 7, சனி. ஹெர்ஷி, பென்சில்வேனியா

ட்ரக்கோடு பீஸ் பாலத்தால் அமெரிக்க எல்லை கடந்து, 90ஆம் சாலையில் ரொச்செஸ்டர் வரை வந்து, 390இல் தெற்கே இறங்கி, பிறகு 15. மலைப்பக்கமெல்லாம் காற்றோடு பனி. ஒரு நாளில் 11 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது ட்ரக்காரருக்கு இங்கே சட்டம். எட்டரை மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தேன். இது சொக்லேட் ஊர். பிரதான தெருவில் விளக்குகளின் தலைகூட சொக்லேட் வடிவம்தான்.

கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டும் பெரியவர் இந்த ஊர் ஹொக்கி அணியான ஹெர்ஷி பெயார்ஸின் தொப்பி போட்டிருந்தார். என் மகனை டிஃபென்ஸில் போட்டிருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மனிதர் இறக்கிக்கொண்டிருந்த லோடை அப்படியே விட்டுவிட்டு, பிரையன் ஹெல்மர் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. அரை மணித்தியாலம் சொன்னார். மிச்சத்தை இரவு வண்டிக்குள் படுத்துக்கொண்டு வாசித்தேன்.

ஹெல்மர் நம்முடைய ஒன்ராறியோக்காரர், சூ செயின்ற் மரியில் 1972இல் பிறந்தவர். இளம் வீரர்களை, வட அமெரிக்காவின் உச்ச ஹொக்கி லீக்கான என்.எச்.எல். அணிகள் வருஷாவருஷம் முறைவைத்துத் தெரிவு செய்யும் டிராஃப்ட் இருக்கிறதே, அதில் அவர் பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை. 1993இல் ஆல்பனியில், ஒரு படி கீழேயுள்ள ஏ.எச்.எல்.லில் தொடங்கினார். 1995இல் அந்த அணியோடு ஏ.எச்.எல்.லின் கால்டர் கிண்ணம் வென்றார். என்.எச்.எல். ஐஸில் கால் வைக்கும்போது வயது 26. ஃபீனிக்ஸ், சென்ற் லூயிஸ், வன்கூவர், வொஷிங்டன் என்று நான்கு அணிகள். எல்லாம் சேர்த்து 146 ஆட்டங்கள்.

கீழே ஏ.எச்.எல்.லில் 1,117 ஆட்டங்கள்! 129 கோல், மற்றவர் கோலுக்குப் பக்கைக் கொடுத்த அசிஸ்ட் 435. இரண்டும் சேர்ந்ததுதான் புள்ளி. பக் என்றால் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு. அந்த லீக்கில் டிஃபென்ஸ் ஆடியவர்களில் ஆட்டக் கணக்கிலும் புள்ளிக் கணக்கிலும் அவருக்கு மேல் ஆளில்லை.

அந்த ஆட்டங்களில் பாதி வெளியூரில். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஆட்டம் வைக்கிற வார இறுதிகள் உண்டு. ஒன்று முடிந்ததும் ஈரம் காயாத உடுப்புப் பையோடு பஸ் ஏறி அடுத்த ஊர். ரொச்செஸ்டர், சிரக்யூஸ், ஸ்க்ரான்டன்: நான் டீசல் அடிக்க நிற்கிற ஊர்கள் எல்லாம் ஏ.எச்.எல். ஊர்கள். பின்னிரவு இரண்டு மணிக்கு என்னைக் கடந்துபோன பஸ்களில் ஒன்றிரண்டிலாவது முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு ஒருவர் தூங்காமல் இருந்திருப்பார்.

2024 டிசம்பர் 29, ஞாயிறு. வீடு

சின்னவனுக்கு ஹெல்மர் கதையைச் சொன்னேன். “146தானா?” என்றான். சரி, பதினாலு வயது. அவன் கண்ணுக்கு அந்த எண்தான் தெரியும்.

எனக்கோ வேறொன்று மனதை அறுக்கிறது. ஏ.எச்.எல்.லில் ஒரு ஆட்டத்துக்குக் கோல்காப்பாளர்களை விட்டு 18 பேர் இறங்கலாம். அதில் 13 பேர் வளரும் வீரர்களாக இருக்க வேண்டும் என்பது விதி: 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, ஒருவர் மட்டும் 320 வரை போகலாம். பழையவர்களுக்கு மிஞ்சுவது ஐந்து இடம். அந்த ஐந்துக்கு முன்வரிசைக்காரரும் வருவார்கள். ஆட ஆட இடம் குறைகிற தொழில். எங்கள் ட்ரக் தொழிலிலோ பத்து வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

ஹெல்மர் காலத்திலும் இப்படியொரு வரம்பு இருந்தது. அதற்குள்தான் 2009இலும் 2010இலும் ஹெர்ஷிக்குத் தலைவராக நின்று கால்டர் கிண்ணத்தைத் தூக்கினார், 36, 37 வயதில். முதல் கிண்ணத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் பதினாலு வருஷம். அதே உடைமாற்றும் அறையில் பத்தொன்பது வயது ஜோன் கார்ல்சனும் இருந்தார். பிறகு 2018இல் வொஷிங்டனோடு என்.எச்.எல்.லின் ஸ்ரான்லி கிண்ணம் வென்ற அதே கார்ல்சன். அவரும் டிஃபென்ஸ்தான். இதைச் சொன்னதும் சின்னவன் தொலைபேசியைக் கீழே வைத்தான்.

2025 ஜனவரி 5, ஞாயிறு. ஹெர்ஷி

வாராந்த ஓட்ட மணிக்கணக்கைப் புதிதாகத் தொடங்க எடுக்கிற 34 மணித்தியால ஓய்வு இந்த முறை சரியான இடத்தில் அமைந்தது. பெயார்ஸின் அரங்கமான ஜயன்ற் சென்ரர், பத்தாயிரம் பேருக்கு மேல். இன்றைக்குக் கரடிப் பொம்மை எறியும் நாள்: உள்ளூர் அணி முதல் கோல் போட்டதும் எல்லோரும் கொண்டுவந்த பொம்மைகளை ஐஸுக்குள் எறிய வேண்டும். அவை பிறகு தேவைப்பட்ட பிள்ளைகளுக்குப் போகும். கோல் விழுந்ததும் வானமே பஞ்சாய்க் கொட்டியது. ஐஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. எண்ணிக்கை 102,343 என்று அறிவித்தார்கள். அதில் ஒன்று நான் ஸ்காபரோவில் வாங்கி வந்தது.

ஆனால் நான் பார்க்கப் போனது டிஃபென்ஸை. பக் மூலைக்குப் போகிறது, பின்னால் எதிராளி முழு வேகத்தில் வருகிறான். டிஃபென்ஸ்காரர் பக்கைத் தொடுவதற்கு முன் ஒரு தரம் இடது தோளுக்கு மேலால் பார்க்கிறார், இன்னொரு தரம் வலது தோளுக்கு மேலால். பிறகுதான் தடி நீள்கிறது. தொட்ட கணமே பக் தோழனிடம். அடி பிறகு வந்து ஓரக் கண்ணாடிச் சுவரில் இடிக்கிறது. ஒருவரும் கைதட்டவில்லை. ட்ரக்கில் லேன் மாற முன் நான் இரண்டு பக்கக் கண்ணாடியும் பார்ப்பது போலவே இருந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டு ஆட்டத்தின் மூன்று பீரியட்டும் இருந்தேன்.

ஹெல்மர் இப்போது இந்த அணியின் ஹொக்கி நிர்வாகத் துணைத் தலைவர். 2017இல் ஏ.எச்.எல். புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். 2023, 2024 கிண்ணங்கள் அவருடைய நிர்வாகத்தில் வந்தவை. விட்டுப் போகாமல் அதே ஊரில் இருக்கிறார் என்பதில் எனக்கு ஏனோ பெரிய சந்தோஷம்.

2025 ஜனவரி 18, சனி. ஸ்காபரோ

காலை ஏழு மணி ஆட்டம், வெளியே நடுக்கம். 3-1, தோல்வி.

மூன்றாம் பீரியட்டில் பக் எங்கள் மூலைக்கு வந்தது. சின்னவன் திரும்பி ஓடினான். இடது தோள். வலது தோள். பக்கைப் பலகையோடு அடித்து வெளியேற்றிவிட்டான்.

காரில் ஏறி, பையைப் பின்னால் எறிந்துவிட்டுச் சொன்னான்:

“அந்த 9ஆம் நம்பர் கடைசி வரைக்கும் என்னைத் தாண்டேல்லை. பாத்தனீங்களோ?”

“பாத்தனான்.”

ஸ்கேட் பிளேட் மழுங்கிவிட்டதாம். செவ்வாய்க்கு முன் தீட்டிக் கொடுக்க வேண்டும். திங்கள் இரவு நான் மறுபடி ஹெர்ஷிக்கு.