பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு

அம்மாவுக்குக் குதிகால் வலி. சரியானால் சொரிமுத்து ஐயனார் கோயில் பட்டவராயனுக்குச் செருப்புப் போடுவதாக நேர்ந்திருந்தாள். வலி விட்டதும் அம்பாசமுத்திரத்தில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் சொன்னேன். "காடு மேடெல்லாம் நடக்கிற சாமியாச்சே" என்று அடித்தோலை இரட்டையாக வைத்துத் தைத்து, வீட்டுக்கே கொண்டுவந்தார். அம்மா செருப்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொண்டுவந்தவருக்குக் காப்பி, வாசல்படிக்கு வெளியே, பேப்பர் கப்பில். நாங்கள் குடித்தது டம்ளரில். நானும் வாய் திறக்கவில்லை.

ஆடி அமாவாசைக் கூட்டம் எனக்கு ஆகாது. சாதாரண நாளில் போனோம். பாபநாசம் செக்போஸ்ட் தாண்டி, காரையாறு போகும் காட்டு வழியில், தாமிரபரணிக் கரையில் கோயில். ஆற்றில் முங்கி, ஐயனாரைக் கும்பிட்டுவிட்டுப் பட்டவராயனிடம் வந்தோம். கூடவே அவன் மனைவிகள் பொம்மக்கா, திம்மக்கா. முன்னால் செருப்புகள் தொங்குகின்றன. ராத்திரி சாமி போட்டு நடப்பதால் அடி தேயும் என்பது நம்பிக்கை. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் நன்றாகவே தேய்ந்திருந்தது.

பட்டவராயன் சாமியாவதற்கு முன் முத்துப்பட்டன் என்ற பிராமணன். சக்கிலியப் பெண்கள் இருவர் மேல் ஆசைப்பட்டு, அவர்கள் அப்பன் வாலப்பகடையிடம் பெண் கேட்கிறான். குடுமியும் பூணூலும் போக வேண்டும், செருப்புத் தைக்க வேண்டும் என்கிறான் பகடை. பட்டன் அப்படியே செய்கிறான். பிறகு மாமனாரின் மாடுகளைத் திருடர்களிடமிருந்து மீட்கப் போய்ச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். வில்லுப்பாட்டில் இந்த இடம் வந்தால் அம்மா அழுதுவிடுவாள்.

பக்கத்தில் நின்ற ஒரு தாத்தா, "ரெண்டு பிள்ளைகளும் பிறப்பால அய்யமார் வீட்டுப் பிள்ளைகதான் தம்பி. காட்டுல கிடந்ததைப் பகடை எடுத்து வளர்த்தான்" என்றார். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, இது பிற்பாடு நுழைத்த சங்கதி என்கிறார். தெய்வமாக்கிக் கும்பிட்ட பிறகும் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழைத் திருத்தாமல் நம் ஆட்களுக்கு மனசு ஆறவில்லை பாருங்கள்.

மறுநாள் பெரியவருக்குத் திருநீறு கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, நெற்றி நிறையப் பூசிக்கொண்டார்.

"வாரைக் கொஞ்சம் இறுக்கி வச்சிட்டேன் தம்பி. சாமிக்குக் கடிச்சிராதுல்லா?" என்றார்.