பற்றிய தீ ஏன் நிற்கவில்லை: எங்கள் வீட்டுக் கேஸ் ஹீட்டரைச் சரிசெய்த அனுபவம்

குழாயைத் திறந்தால் 'டக் டக் டக்' என்று பொறி அடிக்கும். குப்பென்று தீ பற்றும். வெந்நீர் கைக்கு வந்து சேர்வதற்குள் அணைந்துவிடும். மூடித் திறந்தால் மறுபடியும் அதே கதை. சில நாள் ஒரு குறையும் இல்லாமல் எரியும். ஆனால் அம்மா எண்ணெய் தேய்த்து, தலையில் சீயக்காயோடு நிற்கும்போது திடீரென்று பச்சைத் தண்ணீர் கொட்டும். மூட்டுவாதம் உள்ளவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. எப்படியாவது இதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று இறங்கினேன்.

எங்கள் வீடு ஜெலுத்தோங்கில் பழைய வரிசை வீடு. பினாங்கில் பெரும்பாலும் குளியலறைச் சுவரில் மாட்டும் மின்சார ஹீட்டர்தான் வைத்திருப்பார்கள். அது 3.6 கிலோவாட் வரை இழுக்கும், அதற்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும், 10 மில்லியம்பியர் கசிந்தாலே விழுந்துவிடுகிற பாதுகாப்பு சுவிட்ச் வேண்டும். எங்கள் ஒயரிங் பழசு என்பதாலும், குசினிக்கும் குளியலறைக்கும் ஒரே பெட்டியிலிருந்து வெந்நீர் வரும் என்பதாலும் அப்பா கேஸ் ஹீட்டரை மாட்டினார். தொட்டி இல்லாத வகை. தண்ணீர் ஓடினால் எரியும், நின்றால் அணையும். அதற்கென்றே 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) ஒன்று பின்கட்டில் இருக்கும்.

முதலில் கூப்பிட்ட ரிப்பேர்காரர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. குழாயை இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போச்சு, புதுசு மாட்டிடலாம்" என்றார். ஹீட்டரைக் கட்டுப்படுத்துகிற மின்னணுப் பலகையைத்தான் அப்படிச் சொன்னார். என் மனம் ஒப்பவில்லை. பொறி அடிக்கிறது, கேஸ் வருகிறது, தீயும் பற்றுகிறது. போர்டு அடியோடு போயிருந்தால் இவ்வளவும் எப்படி நடக்கும்? அதுவும் சில நாள் முழுக்க நன்றாக எரிகிறதே! நாளைக்குச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை ஹீட்டருக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டேன். எத்தனை வினாடியில் அணைகிறது, அந்த நேரம் வீட்டில் வேறு எந்தக் குழாய் ஓடுகிறது, வெளியே மழையா வெயிலா என்று வீட்டில் எல்லோரும் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வேலைக்கு மல்டிமீட்டரைவிட அந்த நோட்டுதான் உதவியது. அணைந்துவிடுகிறது என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. எப்போது அணைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொறி அடித்தும் தீயே பற்றாவிட்டால் கேஸ் வந்து சேரவில்லை: தோம்பு தீர்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் சரியாக உட்காராமல் இருக்கலாம், பேட்டரி இறங்கி வால்வைத் திறக்க முடியாமல் இருக்கலாம். பற்றிய சில வினாடிகளில் அணைந்தால், தீ எரிவதைப் பெட்டி உணரவில்லை என்று பொருள். பல நிமிடம் எரிந்துவிட்டு நடுவில் அணைந்தால் தண்ணீர் ஓட்டத்தையோ, சூடு மிஞ்சியதையோ, தோம்பையோ சந்தேகப்பட வேண்டும். 20 நிமிடம் ஆனதும் தானே அணைகிற பாதுகாப்பு டைமரும் பல ஹீட்டர்களில் உண்டு. நீண்ட நேரம் குளிப்பவர்கள் அதைப் பழுது என்று நினைத்துவிடுவார்கள்.

எங்கள் நோட்டில் இரண்டு வகை அணைதல் கலந்து கிடந்தது. அதனால்தான் இத்தனை குழப்பம். ஒன்று, பற்றியதுமே அணைவது. இன்னொன்று, குளியலின் நடுவில் அணைவது. இரண்டையும் தனித்தனியாகப் பிடித்தேன்.

பேட்டரியில் ஆரம்பித்தேன், அது செலவு குறைவு. இந்த வகை ஹீட்டருக்கு அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கும், உள்ளே டார்ச்லைட்டுக்குப் போடுகிற பெரிய பேட்டரி இரண்டு. இரண்டும் சேர்ந்து 3 வோல்ட். பொறி அடிக்க மட்டுமல்ல, கேஸ் வால்வைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பதும் இந்த மின்சாரம்தான். இறங்கிய பேட்டரி பொறியை அடித்துவிடும், ஆனால் வால்வைப் பிடித்துக்கொள்ளத் திராணி இருக்காது. எங்கள் பேட்டரியின் முனையில் பச்சை பூத்திருந்தது. கடல் பக்கம் என்பதால் எல்லாம் சீக்கிரம் பூக்கிறது. சுரண்டித் துடைத்து, நல்ல ஆல்கலைன் பேட்டரி போட்டேன். பொறியின் சத்தம் உரத்தது. அணைவது நிற்கவில்லை.

அடுத்தது தண்ணீர். ஹீட்டருக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. தண்ணீர் போதிய வேகத்தில் ஓடினால் சவ்வு நகர்ந்து சுவிட்சைத் தட்டும், அதன் பிறகுதான் கேஸ் திறக்கும். வேகம் குறைந்தால் சவ்வு பின்வாங்கும், தீ அணையும். எங்கள் ஹீட்டரின் தகட்டில் குறைந்தபட்சம் நிமிடத்துக்கு 2.5 லிட்டர் என்று போட்டிருந்தது. ஒரு லிட்டர் ஜக்கை ஷவருக்கு அடியில் பிடித்து நேரம் பார்த்தேன். நிறைவதற்கு 25 வினாடி ஆனது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 2.4 லிட்டர். எல்லைக் கோட்டில் தள்ளாடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நேரம் யாராவது வாஷிங் மெஷினைப் போட்டால் தீ நிற்க வழியே இல்லை. நோட்டைப் புரட்டினால், நடுவில் அணைந்த பெரும்பாலான வரிகளுக்குப் பக்கத்தில் 'துணி மெஷின்' என்று தங்கை எழுதி வைத்திருந்தாள்.

கூரைக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்துதான் ஹீட்டருக்குத் தண்ணீர் வருகிறது. ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், ஆகவே வழியில் எந்த அடைப்பும் தாங்காது. தண்ணீர் வால்வையும் கேஸையும் மூடிவிட்டு, தண்ணீர் நுழைகிற இடத்து நட்டைக் கழற்றினேன். உள்ளே கட்டைவிரல் நகம் அளவு ஒரு சல்லடை. அதில் துருச் செதில், பொடி மணல், யாரோ குழாய் இணைத்தபோது சுற்றிய வெள்ளை டேப்பின் துணுக்கு எல்லாம் பசைபோல ஒட்டியிருந்தன. தண்ணீர்த் தடை முடிந்து மறுபடி வரும்போது கலங்கலாக வருமே, அந்தக் கலங்கலெல்லாம் இங்கேதான் வந்து தங்குகிறது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். ஷவர் தலையையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். அப்புறம் அதே ஜக் 11 வினாடியில் நிறைந்தது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் குழாய்த் தண்ணீரே 28 டிகிரி வாக்கில்தான் வருகிறது. குளிக்க 40 டிகிரி தாராளம். ஹீட்டரில் கோடை, குளிர் என்று ஒரு திருகு இருந்தால் அது கோடையில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் மெல்ல ஓடும்போது எல்லா பர்னரும் எரிந்தால் சூடு மிஞ்சி, அதற்கான பாதுகாப்பு சுவிட்ச் கேஸை மூடிவிடும். எங்களுடையது குளிரில் கிடந்தது, திருப்பி வைத்தேன். தோம்பையும் கவனித்தேன். இந்த ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஒன்றரை கிலோ அளவுக்கு கேஸ் போகும். அடுப்பின் ஒரு பர்னரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த வேகத்தில் உறிஞ்சினால் தோம்பு குளிர்ந்து அழுத்தம் இறங்கும், அதுவும் தீரப்போகிற தோம்பில் இன்னும் சீக்கிரம். நான் பார்த்தபோது தோம்பு லேசாக வியர்த்திருந்தது, அவ்வளவுதான். அதில் பிரச்சினை இல்லை.

நடுவில் அணைவது அதோடு நின்றது. பற்றியதுமே அணைவது மட்டும் மிச்சம். நோட்டில் அது பெரும்பாலும் மழை நாள் சாயங்காலம் என்று இருந்தது. மழைக்கும் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே பின்கட்டில் நின்றேன். சாரல் அடிக்கிறது என்று அம்மா வந்து ஜன்னலைச் சாத்தினார். அப்போதுதான் உறைத்தது. இந்தப் பின்கட்டு முன்பு திறந்த வெளி. பிற்பாடு நாங்கள்தான் மேலே கூரை போட்டு, சுற்றிச் சுவர் எழுப்பி, ஒரு ஜன்னல் வைத்தோம். ஹீட்டர் நகரவே இல்லை, அதைச் சுற்றி ஓர் அறை முளைத்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினால் தீக்குப் புதுக் காற்று இல்லை, விட்ட புகையையே மறுபடி இழுக்கிறது. கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். நீலமாக நிற்க வேண்டிய தீயின் ஒரு ஓரம் மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நிமிடமே கேஸை மூடினேன். காற்று போதாமல் எரியும் தீ கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்றுதான் தெரியவரும். வயதானவர்கள் அதைப் பித்தம் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். இதற்கு மேல் நான் கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற கேஸ் வேலைக்காரர் பிறையில் இருக்கிறார் என்று தெரிந்தவர் மூலம் கேள்விப்பட்டுக் கூப்பிட்டோம். வந்தவுடன் ஹீட்டரைப் பார்க்கவில்லை, கூரையையும் ஜன்னலையும்தான் முதலில் பார்த்தார். "இது வெளியே இருக்க வேண்டிய சாமான்மா. ரூமுக்குள்ள மாட்டி வச்சிருக்கீங்க" என்றார். பிறகு மூடியைக் கழற்றி, பர்னருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய கம்பி ஒன்றைக் காட்டினார். "இதுதான் இதோட கண்ணு. பாருங்க, எப்படிப் பூத்துப் போயிருக்கு."

அந்தக் கம்பி தீயின் நடுவே இருக்க வேண்டும். எரிகிற தீ வழியாக மிகச் சிறிய மின்னோட்டம், மைக்ரோ ஆம்பியர் கணக்கில், பாயும். அது வந்தால்தான் தீ எரிகிறது என்று போர்டுக்குத் தெரியும். வராவிட்டால் சில வினாடியில் கேஸை மூடிவிடும். எங்கள் கம்பியில் வெள்ளையும் சாம்பலுமாய் ஒரு படலம். போதாததற்கு ஓரத்து பர்னர் ஒன்றின் வாயில் சிலந்தி வலையும் தூசியும் அடைத்திருந்தன. காற்று குறைந்த தீ கம்பியைச் சரியாகத் தழுவவில்லை, தழுவிய கொஞ்சமும் படலத்தைத் தாண்டவில்லை. ஜன்னலும் சாத்தினால் அதோடு முடிந்தது. போர்டு அதன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

கம்பியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பர்னரை ஊதிச் சுத்தம் செய்து, ஹீட்டரைப் பின் சந்துப் பக்கம் பார்த்த வெளிச்சுவருக்கே மாற்றினார். ரப்பர் டியூபில் விரிசல் இருந்ததால் புதியது போட்டார். ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று நெடுநேரம் பார்த்தார். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையிலும் சாக்கடையிலும் போய்த் தங்கும். அதனால் அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கம்பியை ஏமாற்றித் தீயை நிற்கவைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்று போகும்போது சொன்னார். அப்படி யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எங்கள் வரிசையில் கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்களில் சிலர் பின்கட்டை இதேபோல மூடியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பேட்டரியும் சல்லடையும் ஷவரும் நாமே பார்த்துக்கொள்ளலாம். மூடிக்கு உள்ளே இருப்பது, ரெகுலேட்டர், வால்வு எதுவும் வேண்டாம். ஆளைக் கூப்பிடும்போது எத்தனை வினாடியில் அணைகிறது, அப்போது ஜன்னல் திறந்திருந்ததா, வேறு குழாய் ஓடியதா, தீயின் நிறம் என்ன என்று சொல்லுங்கள், பாதி வேலை போனிலேயே முடியும். நாங்கள் இப்போது தீபாவளிக்கு வீடு கழுவும்போது சல்லடையையும் கழுவி, பேட்டரியையும் மாற்றிவிடுகிறோம். புது டியூபின் மேல் மாட்டிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறது, இரண்டு வருடத்தில் அதையும் மாற்ற வேண்டும்.