கடைசி ஒரு விரற்கடை

அந்த அக்கா கேட்ட கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். நான் சொன்ன பதில் ஏறக்குறைய பத்து நிமிடம் நீண்டது. அதில் ஒரு வாக்கியம்கூடப் பொய்யில்லை என்பதை அன்று இரவே எனக்குள் பலமுறை சரிபார்த்துக்கொண்டேன். ஒன்றரை ஆண்டு ஆகிவிட்ட பின்னும் மெழுகு உருக்க உட்காரும்போதெல்லாம் அந்தப் பத்து நிமிடம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

"எல்லாம் கடைசிவரைக்கும் எரிச்சுப் பார்த்ததுதானேம்மா?" என்று தொலைபேசியில் கேட்டார். எனக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அவருடையது. தம் அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க நாற்பது மெழுகுவர்த்திகள் கேட்டிருந்தார். மறுநாள் அவற்றை அனுப்ப வேண்டும் என்பதால் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தேன். "இந்த மெழுகையும் இந்தத் திரியையும் நான் நிறைய தடவை எரிச்சுப் பார்த்திருக்கேன்க்கா" என்றேன். மெழுகைப் பற்றி நான் சொன்னது உண்மை. திரியைப் பற்றிச் சொன்னதும் உண்மை. அவர் கேட்டது எதிரில் பெட்டிக்குள் இருந்த அந்த நாற்பதைப் பற்றி.

வழக்கமாக வாங்கும் குவளைகள் அந்த முறை கிடைக்கவில்லை. அதே உயரத்தில், அதே தோற்றத்தில் வேறு குவளைகள் வந்தன. பழைய குவளையின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர்; புதியது 64. ஆறு மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கு எளிதில் தெரியாத வேறுபாடு. திரிக்கு அது பெரிய வேறுபாடு. மெழுகுவர்த்தியில் எரிவது திரியன்று, திரி வழியாக மேலேறி ஆவியாகும் மெழுகுதான் எரிகிறது. திரி எவ்வளவு மெழுகை இழுக்கிறதோ அவ்வளவுக்குச் சுடர் பெரிதாகும். அகலமான குவளைக்கென்று தேர்ந்தெடுத்த திரியைக் குறுகலான குவளையில் வைத்தால் சுடரின் வெப்பம் சுவருக்கு நெருக்கமாக வந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாமல் செய்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திராது.

நாள் போதவில்லை என்பதுதான் அன்றைக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். கணக்கு உண்மையில் அப்படித்தான் இருந்தது. குவளைகள் கைக்கு வந்தபோது பதினேழு நாள் மீதம் இருந்தது. ஒரு குவளைக்கு 200 கிராம் சோயா மெழுகு, அதில் எட்டு விழுக்காடு, அதாவது 16 கிராம் வாசனை எண்ணெய். வீட்டு அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி உருக்கினால் ஓர் ஈட்டுக்கு எட்டுக் குவளைக்கு மேல் என்னால் ஊற்ற முடியாது. நாற்பதையும் ஊற்றி முடிக்க மூன்று நாள் ஆனது. சோயா மெழுகில் மணம் நன்றாகப் பிடிக்க இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். மூன்றும் பதினான்கும் பதினேழு. ஒன்றை அடிவரை எரித்துப் பார்க்க, நான்கு மணி நேரம் எரித்து, அணைத்து, முழுக்க ஆறவிட்டு, திரியை ஆறு மில்லிமீட்டருக்குக் கத்தரித்து மறுபடி ஏற்ற வேண்டும். 200 கிராம் தீர ஏறத்தாழ நாற்பது மணி நேரம், அதாவது பத்துத் தடவை. அதற்கு எங்கே நாள் இருந்தது?

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதை அப்போதே அறிவேன். இரண்டு வாரக் காத்திருப்பு பெரும்பாலும் மணத்துக்காக. கண்ணாடி எவ்வளவு சூடாகிறது என்று அறிய அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. முதல் நாள் ஊற்றியவற்றில் ஒன்றை மூன்றாம் நாளே ஏற்றி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று எரித்திருந்தால் எட்டாம் நாளில் விடை கிடைத்திருக்கும். நான் ஒன்றை ஏற்றவும் செய்தேன். நான்கு மணி நேரம் எரிந்தது. உருகிய மெழுகு விளிம்புவரை வட்டமாகப் பரவியிருந்தது, சுடர் ஆடவில்லை, கண்ணாடியில் கரி படியவில்லை. அழகாக இருந்தது. அந்த அழகோடு நிறுத்திக்கொண்டேன். குவளை மெழுகுவர்த்தியில் அச்சம் தொடக்கத்தில் இல்லை, கடைசி ஒரு விரற்கடையில்தான் இருக்கிறது என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். மேலே மெழுகு நிறைய இருக்கும்வரை சுடரிலிருந்து கீழே வரும் வெப்பத்தை அந்த மெழுகு வாங்கிக்கொள்கிறது. கீழே இறங்க இறங்கச் சுடர் கண்ணாடிக்குள் ஆழமாகப் போகிறது, சூடான காற்று உள்ளேயே தங்குகிறது, கடைசியில் அடிக்கண்ணாடிக்கும் சுடருக்கும் நடுவே மெல்லிய ஒரு மெழுகுப் படலமே மிஞ்சுகிறது. அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் நிறுத்தியது நாள் போதாமையாலா, அல்லது பார்த்தால் நாற்பதையும் உருக்கி மறுபடி ஊற்ற நேரும் என்ற பயத்தாலா? இரண்டு விதமாகவும் என்னால் வாதாட முடிகிறது. இரண்டும் முழுதாக நிற்பதில்லை.

தொலைபேசியில் அந்த ஒரு வாக்கியத்தோடு நான் நிறுத்தியிருந்தால்கூட அவர் திரும்பக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நான் நிறுத்தவில்லை. பின்னல் திரி ஏன் நல்லது என்று விளக்கினேன். 1825-இல் பிரான்சில் காம்பசெரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்ததையும், அதன் நுனி எரியும்போதே வளைந்து சுடரின் வெளி விளிம்புக்குப் போய்ச் சாம்பலாகிவிடுவதையும், அதற்கு முன்பு கருகிய திரியை அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருந்ததையும் சொன்னேன். விஞ்ஞானி ஃபாரடே 1860-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் இளையோருக்கு ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியே ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கியதையும், அணைத்த திரியிலிருந்து எழும் வெண்புகையில் நெருப்பைக் காட்டினால் திரியைத் தொடாமலேயே சுடர் தாவி ஏறும் என்பதையும் சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டார். "இவ்வளவு விஷயம் தெரிஞ்சு செய்யறியேம்மா" என்றார். அவர் கேட்ட கேள்வி அதற்குள் அமிழ்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்து, எனக்குத் தெரியாத ஒன்றின்மேல் போட்டு மூடியிருக்கிறேன். அந்த நேரத்தில் மூடுகிறேன் என்ற எண்ணம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்று முழு மனத்துடன் சொல்ல முடியவில்லை. பேசப் பேச எனக்கே நம்பிக்கை வந்துகொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து அவரே அழைத்தார். "ஒண்ணு மட்டும் உடைஞ்சிடுச்சாம்மா. மெழுகு மேசையில கொட்டிருச்சாம். வேற ஒண்ணும் ஆகலை, நீ மனசுல வெச்சுக்காதே." எவ்வளவு நேரம் எரிந்தது, எவ்வளவு மீதம் இருந்தது என்று கேட்டேன். சாயங்காலம் ஏற்றினார்களாம், தூங்கப் போகும் நேரத்தில் சத்தம் கேட்டதாம். அடியில் கொஞ்சம்தான் இருந்ததாம். உடைந்த துண்டுகளை அப்போதே பெருக்கிக் கொட்டிவிட்டார்கள்.

கேட்டவுடன் என் மனம் முதலில் போனது குவளையின் அடியில் நான் ஒட்டிய சிறு காகிதத்துக்கு. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிக்க வேண்டாம், ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே நிறுத்திவிடவும் என்று அதில் எழுதியிருந்தேன். மெழுகுவர்த்திகளின் எச்சரிக்கைக் குறிகளுக்கென்றே ஐரோப்பாவில் இஎன் 15494 என்ற தரநிலை இருக்கிறது. அதைப் பார்த்துப் படங்களையும் சேர்த்திருந்தேன். ஆகவே பிழை என்னுடையதில்லை என்ற முடிவுக்கு வர எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வேகம்தான் இப்போது கூசுகிறது. அடியில் ஒட்டிய காகிதத்தைப் படிக்க எரிகிற குவளையை யார் தூக்கிப் பார்ப்பார்கள்? மேலும், பரிசாகப் பெற்ற ஒரு பொருள் கொஞ்சம் கூடுதல் நேரம் எரிந்ததற்காக உடைந்துவிடக் கூடாது. மறந்துவிடும் மனிதர்களை எண்ணித்தான் அதைச் செய்திருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் இரண்டாவது உரையாடல் நடந்தது. முதலாவதைவிட இதையே நான் அதிகமாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். "மத்தவங்ககிட்டயும் சொல்லிடலாமா அக்கா?" என்று கேட்டேன். "எதுக்கும்மா? எல்லாரையும் பயமுறுத்திக்கிட்டு. உனக்குத்தான் பேர் கெடும்" என்றார். "சரிக்கா" என்றேன். சொல்லும்போதே மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. "சொல்லிடுங்க அக்கா" என்று நான் சொல்லியிருக்கலாம். "சொல்லிடலாமா" என்று கேட்டதன் மூலம், முடிவெடுக்கும் பொறுப்பை மெழுகைப் பற்றியும் கண்ணாடியைப் பற்றியும் எதுவும் அறியாத ஒருவரிடம் தள்ளிவிட்டேன். அவர் என்மேல் உள்ள அன்பினால் முடிவெடுத்தார். மறுக்கப்படுவோம் என்று தெரிந்தே கேட்டேனா? அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் கேட்கவாவது செய்தேன் என்று இன்னொரு குரல் உடனே குறுக்கிடுகிறது.

மூன்று நாள் தூக்கம் சரியில்லை. நான்காம் நாள் ஒரு குறிப்பு எழுதி, எல்லாருக்கும் அனுப்பச் சொல்லி அவருக்கு அனுப்பினேன். நான்கு மணி நேரம், ஒரு சென்டிமீட்டர், திரியைக் கத்தரித்தல், மின்விசிறிக் காற்றில் வைக்காதிருத்தல், மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி அணைத்தல் எல்லாம் அதில் இருந்தன. ஒரு குவளை உடைந்தது என்ற செய்தி இல்லை. அவர் அனுப்பினார், சிலர் நன்றி சொன்னார்களாம். பாதுகாப்புக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அதனால் கடமை முடிந்தது என்று சில நாள் நினைத்திருந்தேன். ஆனால் ஏன் சொல்கிறார்கள் என்று தெரியாத அறிவுரையை எத்தனை பேர் பின்பற்றுவார்கள்? "இதில் ஒன்று உடைந்திருக்கிறது" என்ற மூன்று சொற்கள் அந்த முழுக் குறிப்பைவிட அதிகம் பாதுகாத்திருக்கும்.

அந்த ஆர்டருக்கென்று ஊற்றியதில் கூடுதலாக இரண்டு என்னிடம் இருந்தன. முதலாவதை முறைப்படி நான்கு நான்கு மணி நேரமாக எரித்தேன். பத்தாவது தடவை, கடைசி விரற்கடையில், குவளையின் அடிப்பகுதியைக் கையால் தொட முடியவில்லை. ஆனால் அது உடையவில்லை, சுடர் தானாக அணைந்தது. இரண்டாவதைக் கால்வாசி மீதமிருக்கும்வரை எரித்துவிட்டு, பிறகு காலையிலிருந்து நிறுத்தாமல் எரியவிட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். திரி நுனியில் கரி காளான்போல் திரண்டது, சுடர் உயர்ந்து புகைந்தது, குவளையின் வாய் கறுத்தது. மேலே நின்று பார்த்தபோது, அடியில் திரியைப் பிடித்திருக்கும் உலோகத் தட்டு தெளிந்த மெழுகுக்குள் நாணயம்போல் மின்னியது. அந்தத் தட்டின் கழுத்து மூன்று மில்லிமீட்டர் உயரம்தான். ஆறு மில்லிமீட்டர் கழுத்துள்ள தட்டாக இருந்தால் அந்த அளவு மெழுகு மிஞ்சும்போதே சுடர் அணைந்திருக்கும். அதுவும் உடையவில்லை. உடையும், உடையும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவள், அணைந்தபோது அழுதேன். நிம்மதியால் என்று வீட்டில் நினைத்தார்கள். காரணம் இன்னதென்று என்றைக்கும் தெரியப்போவதில்லை என்று புரிந்ததால் வந்த அழுகை அது.

அந்த ஒன்றில் மட்டும் திரி நடுவிலிருந்து விலகிச் சுவரோரம் சாய்ந்திருக்கலாம். மூன்றாம் நாள் இரவு கடைசி ஈடு ஊற்றியபோது எனக்கு இருந்த களைப்பில் அப்படி நேர்ந்திருக்கக்கூடும். குவளையிலேயே முன்பே ஒரு மயிரிழைக் கீறல் இருந்திருக்கலாம். சன்னல் காற்று ஒரு பக்கம் மட்டும் பட்டிருக்கலாம். என் திரி, என் தட்டு, என் அவசரம் ஆகியவற்றோடு இவையும் வரிசையில் நிற்கின்றன. எரித்துப் பார்த்திருந்தால் தடுத்திருப்பேனா என்பதற்கும் அதனால் விடை இல்லை. அடிவரை எரித்த இரண்டும் உடையவில்லையே. அந்த நாற்பதில் இரண்டை முன்னதாகவே சோதித்திருந்தாலும், "எரித்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று மனதார அனுப்பியிருப்பேன், அப்போதும் ஒன்று உடைந்திருக்கும். இந்த எண்ணம் எனக்கு ஆறுதல் தருவதாக முதலில் தோன்றியது. குவளை உடைந்ததைப் பொறுத்தவரை அது ஆறுதல்தான். அந்தத் தொலைபேசிப் பதிலுக்கு அது எந்த உதவியும் செய்வதில்லை.

இப்போது அடி தடித்த குவளைகளே வாங்குகிறேன். தட்டின் கழுத்து ஆறு மில்லிமீட்டர். எந்தப் புதுக் குவளை வந்தாலும் மூன்றை அடிவரை எரிக்காமல் ஆர்டர் எடுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் சுடரின் உயரம், உருகிய மெழுகின் அகலம், கண்ணாடியின் வெளிப்புறச் சூடு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறிக்கிறேன். எச்சரிக்கையைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம், திறந்ததும் கண்ணில் படும்படி ஒட்டுகிறேன்.

சென்ற மாதம் அதே அக்கா மறுபடி அழைத்து முப்பது கேட்டார். நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நிறம் கேட்டார், மணம் கேட்டார், எந்த நாளில் கிடைக்கும் என்று கேட்டார். எரித்துப் பார்த்தாயா என்று இந்த முறை கேட்கவில்லை. "நீ செஞ்சா சரியாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லித் தொலைபேசியை வைக்கப் போனார். அக்கா, ஒரு நிமிஷம் என்றேன். என்னம்மா என்றார். அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று தொடங்க நினைத்திருந்தேன். "மூடி தங்க நிறமா, வெள்ளி நிறமான்னு சொல்லலையே" என்று கேட்டேன்.