லோட்டோ பரீட்சை: பூட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள்

லோட்டோ (லாக்-அவுட் டேக்-அவுட்: மெஷினில் கை வைக்கும் முன் ஆற்றலைத் துண்டித்துப் பூட்டி டேக் போடுவது) பரீட்சையின் ரிசல்ட் வந்துவிட்டது, நான் பாஸாகிவிட்டேன். என் பெயரும் போட்டோவும் உள்ள டேக், ஒரே சாவி உள்ள சிவப்புப் பூட்டு, இரண்டும் கைக்கு வந்துவிட்டன. ஆனால் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவருக்குப் பேனலில், அதாவது பயிற்சி மெஷினில் செய்து காட்டும் சுற்றில், போய்விட்டது, அவர் மறுபடி எழுத வேண்டும். மெஷின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். வேலை தெரியாமல் அவர் ஃபெயிலாகவில்லை. எங்களுக்குக் கிளாஸ் எடுத்த விதத்தில் ஒரு விஷயம் விட்டுப்போனது, அதுதான் பேனலிலும் வைவாவிலும் (வாய்மொழித் தேர்வு) கேட்கப்பட்டது. ராணிப்பேட்டை சிப்காட்டிலும் அரக்கோணம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். எழுத்து, பேனல், வைவா என்ற மூன்று சுற்றும் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கிளாஸில் ஆறு படிகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தயாராவது, நிறுத்துவது, துண்டிப்பது, பூட்டி டேக் போடுவது, தேங்கியதை வெளியேற்றுவது, சரிபார்ப்பது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1989-ல் வெளியிட்ட 1910.147 விதியில் உள்ள வரிசை இது, பல கம்பெனிகளின் லோட்டோ நடைமுறை இதை ஒட்டியே இருக்கும். எழுத்துத் தேர்வுக்கு இது போதும். பேனல் முன்னால் போய் நின்றால் போதாது, ஏனென்றால் ஆறாவது படியை எல்லாரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்: "ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன் சார், ஓடவில்லை." ஓடவில்லை, சரி. ஏன் ஓடவில்லை? நீங்கள் பூட்டியதால்தானா? கன்ட்ரோல் ஃபியூஸ் போயிருந்தாலும் ஓடாது. செலக்டர் சுவிட்ச் ரிமோட்டில் இருந்தால் லோக்கல் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஓடாது. கன்வேயரில் முந்தைய மெஷினின் இன்டர்லாக் (பாதுகாப்புக்காகத் தானாகத் தடுக்கும் இணைப்பு) விழுந்திருந்தாலும் ஓடாது. எக்ஸாமினர் இதைத்தான் கேட்டார், கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தயாரானது ஒரே ஒரு வழியில். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்வேன். முதல் கட்டத்தில், இந்த மெஷினுக்குள் ஆற்றல் எங்கெங்கிருந்து வருகிறது, எங்கெங்கே தேங்கி நிற்கிறது. இரண்டாவதில், எதை மூடினால், எதைப் பூட்டினால், எதை முட்டுக்கொடுத்தால் அது நிற்கும். மூன்றாவதில், நின்றுவிட்டது என்று நான் எப்படி நிரூபிப்பேன். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிற எந்த வரியும் முடியாத வரி என்று வைத்துக்கொண்டேன். படித்தது எல்லாம் மறந்தாலும் இந்தத் தாளை விடாதீர்கள். பேனலுக்கு முன்னால் ஐந்து நிமிடம் தாளும் பேனாவும் கேட்டேன், கொடுத்தார்கள், கேட்பதற்குத் தடை ஒன்றும் இல்லை.

எங்கள் பேனலில் இருந்தது: 415 வோல்ட் ஃபீடர், டிரைவ் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வைத்த ஒரு மோட்டார், ஒரு ஏர் லைன், காற்றின் அழுத்தத்தால் மேலே தள்ளுகிற செங்குத்தான சிலிண்டர் ஒன்று, அதன் தலையில் எடை. பார்த்தால் சின்னதாகத்தான் இருக்கும்.

முதலில் டிரைவ். மெயினை ஆஃப் செய்து பூட்டிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் டிசி நிற்கும். 415 வோல்ட் மூன்று பேஸ் என்றால் டிரைவுக்குள் இருக்கும் அந்த டிசி லைனில் சுமார் 585 வோல்ட். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவ் மேலேயே ஸ்டிக்கர் இருக்கும், அதை வாய்விட்டுப் படியுங்கள், காத்திருங்கள், அப்புறம் மீட்டரை டிசி-யில் வைத்துப் பாருங்கள். பலர் மீட்டரை ஏசி-யிலேயே வைத்து உள்ளே வரும் மூன்று பேஸையும் பார்த்துவிட்டு ஜீரோ என்று சொல்லிவிட்டார்கள். மீட்டர் காட்டியது உண்மைதான், பார்த்த இடம் வேறு. இன்னொன்று, மீட்டரை முதலில் கரண்ட் இருக்கிற வேறு இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள், பிறகு உங்கள் மெஷினில் பாருங்கள், மறுபடி அதே கரண்ட் உள்ள இடத்தில் பாருங்கள். நடுவில் பேட்டரி தீர்ந்துபோன மீட்டரும் ஜீரோதான் காட்டும்.

அடுத்தது அந்தச் சிலிண்டர். அண்ணனுக்குப் போனது இங்கேதான். ஏர் லைன் வால்வை மூடி, பூட்டி, டேக் போட்டு, "தேங்கியதை வெளியேற்று" என்ற ஐந்தாவது படியை நினைத்து உடனே காற்றைத் திறந்துவிட்டார். எடையைத் தூக்கிப் பிடித்திருந்ததே அந்தக் காற்றுதான், எடை தடாலென்று கீழே இறங்கியது. பயிற்சி பேனல் என்பதால் கீழே ரப்பர் வைத்திருந்தார்கள், கூண்டும் இருந்தது. ஷாப்பில் அது பிரஸ்ஸின் ராம் (இறங்கி அழுத்தும் பாகம்), கீழே கை இருக்கும். ஆக செங்குத்தாக எது நின்றாலும் முதலில் முட்டுக்கட்டை, பிளாக், பின், எது அந்த மெஷினுக்கு உள்ளதோ அது. அப்புறம்தான் காற்றோ ஆயிலோ வெளியேற்றுவது. ஆறு படிகளை வரிசையாக ஒப்பிக்கிற தாளில் இந்த ஒரு வரி இல்லை, அதற்காகத்தான் எனக்குக் கோபம். பல வருடம் வேலை செய்தவரை மனப்பாட வரிசை ஒன்று ஃபெயிலாக்கிவிட்டது.

அதோடு முடியவில்லை. லைனில் இருக்கும் அழுத்தக் கேஜ் ஜீரோ காட்டும், ஆனால் சிலிண்டருக்குப் பக்கத்தில் பைலட் செக் வால்வு (காற்றைத் திரும்ப விடாமல் பிடிக்கும் வால்வு) இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் காற்று அப்படியே அடைபட்டிருக்கும். ஹைட்ராலிக்கில் அக்குமுலேட்டரும் (அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் கலம்) அப்படித்தான், பம்பு நின்றுவிட்டாலும் உள்ளே நைட்ரஜன் ஆயிலை அழுத்திக்கொண்டே இருக்கும். எனவே மூன்றாவது கட்டத்தில் "கேஜ் ஜீரோ" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த கேஜ், எந்த வால்வுக்கு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

எழுத்துத் தேர்வில் சட்டம் வரும். நாங்கள் படித்தது 1948 தொழிற்சாலைகள் சட்டம், 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. பழைய சட்டத்தில் பிரிவு 22 மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யும் சோதனையும் வேலையும், பிரிவு 24 பவரைத் துண்டிக்கும் சாதனங்கள். 24(3)-ஐத் தனியாகப் படியுங்கள்: தவறுதலாக ஆஃபில் இருந்து ஆனுக்கு மாறக்கூடிய சாதனம் என்றால், பாதுகாப்பான நிலையில் அதைப் பூட்டி வைக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது அது. பூட்டு என்பது வெளிநாட்டுக் கம்பெனிகளின் வழக்கம், நம் ஊருக்குத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம் சட்டத்திலேயே இந்தப் பிரிவு இருந்தது என்று காட்டலாம். டேங்க், பிட், டிரம் உள்ளே இறங்குவதற்குப் பிரிவு 36. சட்டப் பகுதிக்கு இவ்வளவு போதும்.

வைவாவில் என்னைக் கேட்டவையும் என் பக்கத்து ஆட்களைக் கேட்டவையும்:

- எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு வேலை செய்யலாமா? கூடாது. அது கன்ட்ரோல் சர்க்யூட்டைத்தான் வெட்டுகிறது, பவர் அங்கேயே இருக்கும். கதவு இன்டர்லாக்கும் அதே கதை.
- நாலு பேர் வேலை செய்கிறார்கள், பூட்டு எத்தனை? நாலு. ஹாஸ்ப் (பல பூட்டு மாட்டும் கொக்கி) போட்டு ஆளுக்கு ஒன்று. நிறைய இடத்தில் பூட்ட வேண்டியிருந்தால் சாவிகளைப் பெட்டியில் போட்டு, பெட்டி மேல் ஆளுக்கு ஒரு பூட்டு.
- ஷிஃப்ட் மாறினால்? வருகிறவர் பூட்டைப் போட்ட பிறகுதான் போகிறவர் எடுக்க வேண்டும். நடுவில் பூட்டே இல்லாத நேரம் இருக்கக் கூடாது.
- பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார், என்ன செய்வது? கட்டரைத் தேடாதீர்கள். அவர் ஆலைக்குள் இல்லை என்று உறுதி செய்து, அவரைத் தொடர்புகொள்ள எல்லா முயற்சியும் எடுத்து, எழுத்தில் உள்ள நடைமுறைப்படி அதிகாரம் உள்ளவர் மட்டும் எடுக்க வேண்டும். மறுநாள் அவர் வேலையைத் தொடும் முன் பூட்டு எடுக்கப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சொல்ல எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.
- நடுவில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால்? ஆட்கள், டூல்ஸ் வெளியே, பூட்டு எடுப்பது, ஓட்டிப் பார்ப்பது, பிறகு முதல் படியில் இருந்து மறுபடி. பாதியில் இருந்து இல்லை.
- ஆசிட் லைனில் ஒரு வால்வை மூடினால் போதுமா? வால்வு கசியும். பிளைண்டு (லைனை அடைக்கும் தகடு) போட வேண்டும், இல்லையென்றால் இரண்டு வால்வு மூடி நடுவில் டிரெயின் திறந்திருக்க வேண்டும்.

ஒரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது: கரண்ட் போயிருக்கிறது, கன்வேயரில் சிக்கியதை எடுக்கலாமா? நம் பக்கத்தில் இதுதான் தினசரி ஆசை. மெஷின் நின்றுவிட்டது, இருட்டு, சூப்பர்வைசர் சும்மா நிற்க வேண்டாம் என்கிறார், கையை விட்டு எடுத்துவிடலாம் என்று தோன்றும். கரண்ட் இல்லாதது துண்டிப்பு இல்லை. ஜெனரேட்டர் ஆட்டோவில் இருந்தால் சில விநாடியில் எடுத்துக்கொள்ளும், கன்ட்ரோல் யுபிஎஸ்ஸில் உயிரோடு இருக்கும். வீட்டு போர் மோட்டார் ஸ்டார்ட்டரில் ஆட்டோ சுவிட்ச் போட்டிருந்தால் கரண்ட் வந்ததும் தானாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதையே உதாரணமாகச் சொன்னேன், எக்ஸாமினர் தலையாட்டினார். பாடப்புத்தக வாக்கியத்தை விட நம் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொன்னால் வைவாவில் அடுத்த கேள்வி மென்மையாக வருகிறது.

தோலைப் போட்டுச் சுழற்றிப் பதப்படுத்தும் தோல் ஆலை டிரம்மைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் இந்தப் பரீட்சைக்கு வருகிறார்கள், கிளாஸில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. என் மாமா டிரம்மில் வேலை செய்தவர். ஈரத்தோலும் தண்ணீருமாக டன் கணக்கில் உள்ளே இருக்கும். ஓடுகிற டிரம்மை நிறுத்தும்போது சரக்கு ஒரு பக்கம் ஏறி நிற்கும். பவரைப் பூட்டிவிடலாம், ஏறி நின்ற அந்தக் கனம் எந்த ஐசொலேட்டருக்கும் (பவரைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டுப்படாது, பிரேக் விட்டாலோ பெல்ட்டைக் கழற்றினாலோ டிரம் திரும்பி வரும். எனவே டிரம்மையே அசையாமல் கட்ட வேண்டும், முளை வைக்க வேண்டும். உள்ளே ஆணிக்கட்டை மாற்ற இறங்குவது என்றால் இன்னொரு ஆபத்து. சல்பைடு தங்கிய இடத்தில் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வரும், அளவு கூடினால் மூக்கு மரத்து வாசனையே தெரியாது. உள்ளே வருகிற ஆசிட், தண்ணீர், ஸ்டீம் லைன்கள் எல்லாமும் முதல் கட்டத்தில் தனித்தனி வரிகள். கேஸ் மீட்டர் காட்டும் அளவு மூன்றாவது கட்டத்தில்.

கனம் என்பதும் ஆற்றல்தான் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து பக்கத்து ஆலைக்குள் பாய்ந்து 10 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். அது பராமரிப்பு வேலையில் நடந்த விபத்து இல்லை. ஆனால் தேங்கிய ஆற்றலுக்கு உதாரணம் கேட்டபோது ஸ்பிரிங், கெப்பாசிட்டர் சொன்ன பிறகு நான் அதைச் சொன்னேன். அங்கே அமுக்குவதற்கு ஒரு பட்டனும் கிடையாது, சேறு நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

படிக்கிற முறை பற்றி. எனக்குக் கூட்டமாக உட்கார்ந்து படிப்பது ஒத்துவராது, நாலு பேர் பேசினால் எனக்கு எதுவும் நிற்காது. உங்களுக்கு ஒத்துவந்தால் செய்யுங்கள். நான் முத்துக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரில் இருக்கிற கரும்பு ஜூஸ் மெஷின், மாவு மில், புதுக் கட்டடத்தின் லிஃப்ட் என்று எதையாவது பார்த்து மூன்று கட்டத்தை மனதில் நிரப்புவேன். லிஃப்ட் சுலபம் மாதிரி தெரியும், எதிர் எடை ஒன்று அந்தப் பக்கம் தொங்குகிறது என்று நினைவு வரும் வரை. வேகமாகப் பதில் சொல்கிறவர்களுக்கு என் முறை இழுவையாகத் தெரியலாம். ஆனால் பேனலில் நேரம் குறைந்து தோற்றவர் எங்கள் பேட்ச்சில் ஒருவரும் இல்லை, அவசரத்தில் போனவர்கள்தான்.

பேனல் சுற்றுக்கு முந்தின நாள் பார்க்க வேண்டியவை:

- செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மனதுக்குள் சரிபார்த்ததற்கு மார்க் இல்லை.
- மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் பூட்டைத் தொடுங்கள். பின்பக்கம் இரண்டாவது ஃபீடர் இருக்கலாம்.
- ஸ்டார்ட் அழுத்திப் பார்த்த பிறகு சுவிட்சை மறுபடி ஆஃப் நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.
- டேக்கில் பெயர், தேதி, நேரம், காரணம். ஷாப்பில் இந்தி மட்டும் தெரிந்தவர்கள் இருந்தால் தமிழ், ஆங்கிலம் மட்டும் எழுதிய டேக் போதாது என்று நீங்களாகவே சொல்லுங்கள்.
- டேக் மட்டும் போட்டால் அது எச்சரிக்கைதான், கையைத் தடுக்காது.

காண்டிராக்ட் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. நானும் காண்டிராக்ட்தான். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் எங்களுக்குத் தனிப்பூட்டு கிடையாது, நிரந்தர ஆள் ஒருவர் பூட்டுவார், நாங்கள் உள்ளே இறங்குவோம், சாவி அவர் பையில், அவர் டீ குடிக்கப் போயிருப்பார். வைவாவில் இதைக் கேள்வியாகவே கேட்டார்கள்: உங்களுக்குப் பூட்டு தரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? வேலையைத் தொடங்க மாட்டேன், பர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டு) கையெழுத்துப் போட மாட்டேன், பூட்டு தரும் வரை காத்திருப்பேன் என்று சொன்னேன். வேலை போய்விடுமே என்றார். போகலாம் சார், என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை, மார்க் ஷீட்டில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் இருக்கிறது.

மறுபடி எழுதுகிறவர்கள் அந்தச் சிலிண்டர் பேனலை முன்கூட்டியே ஒருமுறை தொட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். முட்டுக்கொடுக்காமல் காற்றை விட்டால் எடை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கூண்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டால் வரிசை தானாக மனதில் நிற்கும். அண்ணனுக்காக நாங்கள் கேட்டோம், வரும் சனிக்கிழமை திறந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.