பழைய விஎம்மில் கழற்றி, புதியதில் மாட்டிய டிஸ்க்

சனி இரவு

என் லேப்டாப்பில் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஒரு விஎம், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினி. அதில் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதமே முடிந்துவிட்டது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு ஒருவழியாக 24.04 போட்ட புது விஎம் ஒன்றைத் தயார் செய்துவிட்டேன். பழையதிலிருந்து வரவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இரண்டாவதாக மாட்டியிருக்கும் டேட்டா டிஸ்க். 40 ஜிபி என்று உருவாக்கியது. உண்மையில் அது லேப்டாப்பில் இருக்கும் ஒரு கோப்புதான்: தேவைக்கேற்ப வளரும் வகை விடிஐ கோப்பு.

அதற்குள் இருப்பவை பழைய கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் திருவிழா நோட்டீஸ்களும். சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்து, மாதவாரியாகப் போட்டு வைத்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு டெசராக்ட் என்ற மென்பொருள் ஓடி, படத்தில் இருக்கும் எழுத்துகளைப் பிரித்தெடுத்து வைக்கும். இது எதற்கு என்று வீட்டில் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

விஎம்முக்கு விஎம் நெட்வொர்க் வழியாகவே கோப்புகளை அனுப்பலாம். ஆனால் டிஸ்க்கே ஒரு கோப்பாகக் கண்முன்னால் கிடக்கும்போது அது எதற்கு? விடிஐயைப் புது விஎம்மின் ஃபோல்டருக்கு நகலெடுத்தேன். 14 ஜிபி. மாட்டப் போனால் வர்ச்சுவல்பாக்ஸ் மறுத்தது: இதே யூயூஐடி உள்ள டிஸ்க் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதாம். சரிதான். ஒவ்வொரு விடிஐக்குள்ளும் யூயூஐடி என்ற ஓர் அடையாள எண் எழுதியிருக்கும். கோப்பை நகலெடுத்தால் எண்ணும் சேர்ந்து வந்துவிடும். வர்ச்சுவல்பாக்ஸுக்குக் கோப்பின் பெயரைவிட அந்த எண்தான் முக்கியம். கட்டளை வரியில் நகலுக்கு மட்டும் புது எண் கொடுத்ததும் முனகாமல் ஏற்றுக்கொண்டது.

புது விஎம்மில் மவுண்ட் செய்து, அதாவது டிஸ்க்கை இணைத்துத் திறந்து பார்த்தேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். அதோடு சரி. மே, ஜூன் ஃபோல்டர்களைக் காணோம்.

மே மாதம்தான் அத்தை வீட்டுப் பரணிலிருந்து அறுபது பத்திரிகைகள் வந்தன. ஸ்கேன் செய்து முடித்து அவற்றைத் திருப்பிக் கொடுத்தும் ஆயிற்று. வயிறு கலங்கிவிட்டது. பழைய விஎம்மை ஓடவிட்டுப் பார்த்தேன். மே, ஜூன் இரண்டும் பத்திரமாக இருந்தன. அப்புறம்தான் மூச்சு வந்தது.

ஞாயிறு காலை

காபி உள்ளே போனபிறகு விஷயம் புரிந்தது. ஏப்ரல் கடைசியில் டெசராக்டின் புதுப் பதிப்பைப் போடும் முன், எதற்கும் இருக்கட்டும் என்று விஎம்மை நிறுத்திவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தேன்; ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம். சிஸ்டம் டிஸ்க்கை நினைத்துத்தான் எடுத்தேன். ஆனால் ஸ்னாப்ஷாட் என்றால் அந்த நேரத்தில் மாட்டியிருக்கும் எல்லா டிஸ்க்குக்கும் சேர்த்துத்தான். அந்த நிமிடத்தோடு மூல விடிஐ உறைந்துவிடும். அதன்பின் எழுதுவதெல்லாம் வேறொரு கோப்புக்குப் போகும். பழைய விஎம்மின் ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். இருந்தது: நெளி அடைப்புக்குறிக்குள் நீளமாக ஒரு எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பு, 9 ஜிபி. அத்தையின் அறுபது பத்திரிகைகளும் அதற்குள்தான். நான் நகலெடுத்தது ஏப்ரல் மாதத்து டிஸ்க்.

டிஸ்க்கில் 20 ஜிபிக்கு மேல் நிரம்பியிருப்பது எனக்கே தெரியும். கோப்பு 14 ஜிபி என்று கண்ணால் பார்த்தும் யோசிக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி மூளை அவ்வளவுதான்.

இனி ஸ்னாப்ஷாட்டை நீக்க வேண்டும். ‘நீக்கு’ என்ற சொல்தான் பயமுறுத்துகிறது. உண்மையில் அழிவது அன்றைய நிலைக்குத் திரும்பும் வசதி மட்டும். பிரிந்து கிடக்கும் இரண்டு கோப்புகளும் ஒன்றாகிவிடும். தெரிந்தும் கை வரவில்லை. முழு ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. முடிந்ததும் விடிஐ 21 ஜிபி. 14-ம் 9-ம் 23 ஆயிற்றே என்று மறுபடி பதறவில்லை. ஒரே இடத்தில் மேலெழுதியவை இரண்டிலும் இருந்திருக்கும், சேரும்போது அது ஒன்றாகிவிடும்.

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. பழைய விஎம்மை முறையாக ஷட்டவுன் செய்தேன். நிலையைச் சேமித்து மூடினால் டிஸ்க்கைக் கழற்ற விடாது. ஸ்டோரேஜ் அமைப்பில் போய் டிஸ்க்கைக் கழற்றினேன், கோப்பு அப்படியே இருந்தது. அதை ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போடாமல், வர்ச்சுவல்பாக்ஸின் மீடியா மேனேஜரிலேயே இடம் மாற்றினேன். அப்போதுதான் கோப்பு எங்கே போயிற்று என்பது அதற்கும் தெரிந்திருக்கும். நகல் எடுக்காததால் எண் தகராறும் வரவில்லை.

கழற்றியிருக்கும்போதே இன்னொன்றும் செய்தேன்: டிஸ்க்கின் வகையை ‘ரைட்த்ரூ’ என்று மாற்றினேன். இப்படிப்பட்ட டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் தொடாது. எழுதுவது எல்லாம் நேராக மூலக் கோப்புக்கே போகும். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினாலும் டேட்டா பின்னோக்கிப் போகாது. என் வேலைக்கு இதுதான் சரி. இந்த வசதி இருப்பது மூன்று வருடம் முன்பே தெரிந்திருக்கலாம்.

புது விஎம்மில் மாட்டி, மே மாத ஃபோல்டரைத் திறந்து எண்ணினேன். அறுபது.

எந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதவேண்டிய வரியைப் பழைய விஎம்மிலிருந்தே ஓர் எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டேன். அதில் இருப்பதும் யூயூஐடிதான், ஆனால் அது வேறு: உள்ளே இருக்கும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் எண். வர்ச்சுவல்பாக்ஸ் பார்க்கும் எண் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு என்றால், இது பெட்டிக்குள் இருக்கும் சாமான் மேல் எழுதியது. எந்த விஎம்முக்குப் போனாலும் மாறாது.

திங்கள்

காலையில் லாக்கைப் பார்த்தால் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் டெசராக்ட் வேலை விழுந்து கிடக்கிறது. எழுத அனுமதி இல்லையாம். கோப்புகளின் உரிமையாளர் இருக்கவேண்டிய இடத்தில் பெயருக்குப் பதில் 1001 என்று வெறும் எண். லினக்ஸ் டிஸ்க்கில் எழுதி வைப்பது பயனரின் பெயரை அல்ல, எண்ணை. பழைய விஎம்மில் நான் இரண்டாவதாக உருவாக்கிய பயனர், அதனால் 1001. புதியதில் நான்தான் முதல் ஆள், 1000. படிக்க எல்லோருக்கும் அனுமதி இருந்ததால் ஞாயிறன்று எனக்கு எதுவும் தெரியவில்லை. உரிமையை மொத்தமாக மாற்ற ஒரே வரிதான்.

செவ்வாய்

டெசராக்டுக்கு நான் திரட்டி வைத்திருந்த ஊர்ப்பெயர்ப் பட்டியல், பழைய விஎம்மின் ஹோம் ஃபோல்டரிலேயே தங்கிவிட்டது. அதை எடுக்கலாம் என்று ஆன் செய்தால் கறுப்புத் திரையில் நட்சத்திரக் குறி இங்கும் அங்கும் ஓடுகிறது. ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குள் போய் நின்றுவிட்டது. வேறொன்றுமில்லை, கழற்றிய டிஸ்க்கை அதன் எஃப்எஸ்டேப் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. அந்த வரியைப் படிக்காமல் விடும்படி அதன் முன்னால் ஒரு ஹேஷ் (#) போட்டு, மறுபடி ஆன் செய்து, பட்டியலை எடுத்துக்கொண்டேன். புது விஎம்மில் அதே வரியில் ‘நோஃபெயில்’ சேர்த்துவிட்டேன். டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ எழுந்து வா என்று அர்த்தம்.

சனிக்கிழமை எடுத்த 14 ஜிபி நகலை இன்று அழித்தேன். பழைய விஎம் மட்டும் இன்னும் பட்டியலில் கிடக்கிறது. அதன் ஹோம் ஃபோல்டரில் வேறு என்னென்ன வைத்தேன் என்று நினைவில்லை.