பட்டா யார் பேர்ல இருக்குதுங்க?

கொங்கு நாட்டைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் பவானி கூடுதுறை, கொடிவேரி, மருதமலை, மேட்டுப்பாளையத்து மலை ரயில் என்றுதான் வழக்கமாகப் போவார்கள். நாங்கள் போட்ட வழி வேறு. தருமபுரியில் தொடங்கி சேலம், ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர், கடைசியில் தேக்கம்பட்டி. பெண்கள் சேர்ந்தோ தனியாகவோ ஏதாவது ஒன்றை உருப்படியாகச் செய்து காட்டிய ஊர்களாகப் பார்த்துக் கோத்த வழி இது. கூட வந்தவர் என் மாமியார். அத்தை கோபிச்செட்டிபாளையம் பக்கம் பிறந்து வளர்ந்தவர், நான் மதுரைக்காரி. எனக்கு வழி கேட்க ஆள் வேண்டும், அத்தைக்கு வீட்டை விட்டு வெளியே வரக் காரணம் வேண்டும். சரி, கிளம்பிவிட்டோம்.

தருமபுரி கொங்கில் சேருமா என்று யாராவது சண்டைக்கு வரலாம், வரட்டும். மகளிர் குழு என்று இன்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறோமே, அதை அரசு முதலில் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான், 1989-இல். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்திய திட்டம் அது. அப்புறம் சேலம் போன்ற மாவட்டங்களுக்குப் பரவி, 'மகளிர் திட்டம்' என்று மாநிலம் முழுதும் வந்தது. நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கத் தொடங்கியதே 1992-இல்தான்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைத்தது. மாரியம்மன் கோயில் திண்ணையில் பாய் விரித்திருந்தார்கள். நடுவில் ஒரு தகரப் பெட்டி. வருகைப் பதிவு, ரொக்கப் புத்தகம், தீர்மான நோட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தாமதமாக வந்த ஒரு அக்கா யாரும் கேட்காமலேயே அபராதக் காசை எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பணத்தை எண்ணுகிறவர் ஒருத்தர், எழுதுகிறவர் வேறொருத்தர். இரண்டையும் ஒரே ஆள் செய்யக்கூடாது என்பது அவர்கள் விதி. அன்றைக்குக் குழுவின் சேமிப்பிலிருந்து உள்கடன் கேட்டு இரண்டு பேர். ஒருவருக்கு மகனின் கல்லூரிக் கட்டணம், இன்னொருவருக்கு ஆடு வாங்க. இருக்கிற பணம் ஒருவருக்குத்தான் வரும். அரை மணி நேரம் வாக்குவாதம். "ஆடு அடுத்த மாசமும் கிடைக்கும், காலேஜ்ல நாள் சொல்லிட்டாங்க" என்று ஆடு கேட்ட அக்காவே விட்டுக்கொடுத்த பிறகுதான் தீர்மானம் எழுதினார்கள்.

ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் 1991 வாக்கில் கேர் என்ற தொண்டு நிறுவனம் இதே மாதிரிக் கிராமத்துப் பெண்களின் சேமிப்புக் குழுக்களை ஆரம்பித்து வைத்தது. அந்த மாதிரிக் குழுக்கள் பல நாடுகளில் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு போடுகின்றன. மூன்று சாவியும் மூன்று பெண்களிடம் இருக்கும், மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத பெண்கள், ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

கூட்டம் முடியும்வரை தெருமுனையில் பைக்கில் ஒரு தம்பி காத்திருந்தார். தோளில் பை, கையில் ஒரு சின்ன மெஷின். தனியார் நுண்கடன் கம்பெனி ஆள். அவரும் 'குழு' என்றுதான் சொல்கிறார். அந்தக் குழு ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களை நெருக்குவதற்காகச் சேர்த்த குழு. வட்டி கம்பெனிக்குப் போகிறது. திண்ணைக் குழுவில் வட்டி திரும்ப அதே தகரப் பெட்டிக்குத்தான் வருகிறது. பெண்களுக்குக் கடன் கொடுப்பதே முன்னேற்றம் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தத் தெருமுனையிலும் சற்று நின்று பார்க்கலாம்.

இதற்குள் அத்தை நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க அம்மணி, காடு தோட்டமெல்லாம் இருக்குதில்ல? பட்டா யார் பேர்ல இருக்குதுங்க?" என்று கேட்டாரே பார்க்கலாம். எல்லோரும் சிரித்தார்கள். ஒரே ஒரு கை உயர்ந்தது, அதுவும் கணவர் இறந்தபின் வாரிசாகப் பெயர் மாறியதாம். குழுக் கணக்கில் ஒரு ரூபாயைக் கூட விட்டுக்கொடுக்காத பெண்கள் நிலக் கணக்கு வந்ததும் சிரித்தது எனக்கு நெருடலாக இருந்தது. அத்தைக்கு இல்லை. அதற்கப்புறம் போன இடமெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

சேலத்தில் பஸ் மாறியதோடு சரி. பெண் சிசுக்களைக் கொல்லாமல் அரசிடம் விடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியது இந்த ஊரில்தான் என்று அத்தையிடம் சொன்னேன். "அப்பெல்லாம் கள்ளிப்பால் பேச்சு கேட்டாலே வயிறு கலங்கும்" என்றவர் ஈரோடு வரும்வரை வேறெதுவும் பேசவில்லை.

ஈரோட்டில் பெரியார் அண்ணா நினைவகத்துக்குப் போனோம். 1921-இல் கள்ளுக்கடை மறியலில் ஆண்களைப் பிடித்து உள்ளே போட்டதும், பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் தெருவுக்கு வந்து மறியலைத் தொடர்ந்த ஊர் இது. மறியலை நிறுத்துவது என் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாகச் சொல்வார்கள். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பூர்வீகச் சொத்தைப் பொறுத்தவரை அது தமிழ்நாட்டில் சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 25-ஆம் தேதி. சரியாக 60 வருஷம்.

அதிலும் ஒரு கொக்கி. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அத்தைக்குக் கல்யாணமானது எழுபதுகளில். 2005-இல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தப் பாகுபாடு போனது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகம் பிரித்துப் பதிந்திருந்தால் அதைத் தொட முடியாது. இதையெல்லாம் நினைவகத்து வாசலில் நின்று விளக்கினேன். அத்தை முழுதும் கேட்டுவிட்டு, "பசிக்குது, வா கண்ணு" என்றார். அரிசியும் பருப்பும் சாதம், மேலே ஒரு கரண்டி நெய். அந்தச் சாப்பாட்டைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

திருப்பூருக்கு டவுன் பஸ்களில் மாறி மாறியே போய்விடலாம் என்று அத்தை அடம் பிடித்தார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்தச் சலுகையை முழுசாக அனுபவிக்க வேண்டுமாம். நேரம் இரண்டு மடங்கானது, ஆனால் வேடிக்கைக்குக் குறைவில்லை. "ஓசி டிக்கெட்" என்று பின்சீட்டில் ஒருவர் முனகினார். கூடையோடு நின்ற ஒரு பாட்டி, "உங்க வீட்டுப் பொம்பளைக்குஞ் சேத்தித்தான் சாமி" என்றார். பஸ்ஸே சிரித்தது.

திருப்பூரில் தங்கியது அத்தையின் தூரத்து உறவு வீட்டில். அந்த வீட்டு அக்கா பதினாறு வயதில் தையல்காரருக்கு உதவியாக நிற்கும் கைமடி வேலைக்குப் போய், அப்புறம் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் கற்று, இன்று பவர் டேபிளில் உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். இடது கையில் துணியைச் சுழற்றச் சுழற்ற, வலது கையின் குட்டிக் கத்தரி நூல்நுனிகளைக் கொத்திக்கொண்டே போகிறது. பேச்சு நிற்பதில்லை, கண் துணியை விட்டு எழுவதுமில்லை. நான் ஒன்றை எடுத்து வெட்டி முடிப்பதற்குள் எதிரே இருந்த பெண் ஒரு கட்டு முடித்துவிட்டார்.

கொங்குப் பெண்கள் சம்பாதிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தறி, பனியன், மஞ்சள், கோழிப்பண்ணை எல்லாவற்றிலும் அவர்கள் கை இருக்கிறது. சம்பாதித்தது யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதுதான் கதை. சுமங்கலித் திட்டம் என்று நூல் மில்களில் நடந்ததே, மூன்று வருஷம் விடுதியில் அடைந்து கிடந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று. அந்தப் பெண்ணின் உழைப்பு அவள் கையில் தங்காமல் நேராக வரதட்சணைக்குப் போனது. பாதியில் உடம்பு முடியாமல் வெளியேறியவர்கள் மொத்தத் தொகையை இழந்த கதைகளும் உண்டு. இன்று சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. "கார்டு?" என்று அக்காவைக் கேட்டேன். "அவருகிட்ட இருக்குது, அவர்தானே ஏடிஎம் பக்கம் போறாரு" என்றார் சாதாரணமாக.

அகமதாபாத்தில் இலா பட் 1972-இல் சுயதொழில் செய்யும் பெண்களுக்காகச் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1974-இல் அதன் பெண்களே ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட்டு, 4,000 பேராகச் சேர்ந்து சொந்த வங்கி வைத்தார்கள். தலைச்சுமைக்காரர்கள், காய்கறி விற்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் புகைப்படத்தோடு பாஸ்புக். நான் இதைச் சொன்னதும், "போட்டோ ஒட்டின புக்கா? அப்ப வேற யாரும் எடுக்க முடியாதா?" என்று பிசிறு வெட்டிய பெண் ஒருத்தர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

வேலையிடத்துத் தொல்லை பற்றியும் பேச்சு வந்தது. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். "போர்டு மாட்டிருக்காங்க, நம்பரும் இருக்குது, யாரும் கூப்பிடறதில்லீங்க" என்றார்கள். யார் நம்பி அழைப்பார்கள்? இதற்குப் பதில் கொங்கின் தெற்கு எல்லையைத் தாண்டி, திண்டுக்கல் பக்கம் கிடைத்தது. 2021 ஜனவரியில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். அதற்கப்புறம், தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் விடாமல் போராடி 2022 ஏப்ரலில், வேலையிடத்துத் தொல்லையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. எச் அண்ட் எம் மாதிரித் துணி வாங்குகிற வெளிநாட்டு பிராண்டுகளையும் அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தியது. தைக்கிற பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தளத்தில் தொல்லையைக் கவனித்துப் பேசும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் 2019-இல் இதே மாதிரி ஒப்பந்தம் வந்தது. போர்டில் இருக்கும் நம்பரை விட, பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் சொல்வது எளிது. எனக்குத் தெரிந்து இந்தப் பயணத்தில் கேள்விப்பட்டதிலேயே பெரிய விஷயம் இதுதான். உள்ளூரில் பேசுகிறவர்கள்தான் குறைவு.

கோயம்புத்தூரில் மலிவாகச் சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த அருணாசலம் முருகானந்தம் கதை எல்லோருக்கும் தெரியும். மனைவி பழைய துணி பயன்படுத்துவதைப் பார்த்து ஆராய்ச்சியில் இறங்கியது, மனைவி பிரிந்து போனது, திரும்ப வந்தது, 2016-இல் பத்மஸ்ரீ. சினிமாக் கதை மாதிரி அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அவர் செய்த நல்ல காரியம் அதற்கப்புறம் வருகிறது. இயந்திரத்தைப் பெரிய கம்பெனிக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தார். நாங்கள் பார்த்த ஒரு சின்னக் கூடத்தில் மரக்கூழை அரைப்பது, அழுத்தி வடிவம் கொடுப்பது, மேலே துணி வைத்து ஒட்டுவது, புற ஊதா விளக்கில் கிருமி நீக்குவது என நாலே வேலை. செய்வது கஷ்டமில்லை, விற்பதுதான் கஷ்டம் என்றார்கள். விளம்பரம் வருகிற பாக்கெட்டுக்கு முன்னால் கடையில் இவர்களுக்கு இடம் கிடைப்பதில்லையாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து தேக்கம்பட்டி. கோயில் யானைகளுக்குப் பவானிக் கரையில் முகாம் நடத்தினார்களே, அதே ஊர். பாப்பம்மாள் பாட்டி இங்கேதான் வாழ்ந்தார். சின்னக் கடை நடத்தி, அந்தக் காசில் நிலம் வாங்கி, இயற்கை விவசாயம் செய்தவர். நூறு வயது தாண்டியும் காட்டில் இறங்கி வேலை பார்த்தார். வேளாண் பல்கலைக்கழகத்து ஆட்களோடு விவாதம் செய்வாராம். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2024 செப்டம்பரில் மறைந்தார். டீக்கடையில் அவரைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அத்தை கேட்க வாயெடுக்கும் முன்பே கடைக்காரர் சொன்னார்: "அது அவங்களா சம்பாரிச்சு வாங்குன பூமிங்க." அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே!

திரும்பும் பஸ்ஸில், வில்லங்கம் பார்க்க போனிலேயே முடியுமாமே, பாரு என்றார். ஊர்ப் பெயர், சர்வே எண் எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். பதிவுத்துறை இணையதளம் இரண்டு முறை தொங்கி, மூன்றாவது முறை திறந்தது. 1996-இல் ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது. எழுதிக் கொடுத்தவர் வரிசையில் அத்தையின் பெயர், பெற்றவர்கள் அவருடைய அண்ணன்கள். 1989 சட்டம் பொருந்தாவிட்டாலும் அப்பாவின் பங்கில் மகளுக்கும் உரிமை உண்டு, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே. அதனால்தான் கையெழுத்து தேவைப்பட்டிருக்கிறது. 2004-க்கு முந்தியது என்பதால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றேன்.

"செய்யறதுக்குக் கேக்கல. நெசமாவே என் பேரு அதுல இருக்குதான்னு பாக்கோணும்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து: "அன்னைக்குக் காத்தால ஆறு மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க கண்ணு. மத்தியானம் வரைக்கும் உக்கார வெச்சு, ஒரு காப்பித் தண்ணி வாங்கித் தரல."